‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லப் பழகிய ஆசிரியர்கள்: நியூயார்க் மாநிலத்து இயற்கைக் கல்வி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1891 முதல் 1893 வரை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் விவசாயம் படுத்துவிட்டது. கிராமத்தில் பிழைக்க வழியில்லாத பலர் நியூயார்க் நகரத்துக்கு வந்து தர்ம ஸ்தாபனங்களின் வாசலில் நின்றார்கள். நகரத்து ஏழைகளைத்தான் அதுவரை அந்த ஸ்தாபனங்கள் பார்த்திருந்தன. விவசாயியே வந்து கையேந்துவது புதிது. ஏழைகளின் நிலையை மேம்படுத்தும் சங்கத்தை நடத்தியவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: சொந்த மக்களுக்கே சோறு போட முடியாத அளவுக்கு இந்த மாநிலத்து மண்ணுக்கு என்ன ஆயிற்று?

அந்தக் கேள்விக்கு விடை தேடக் கூடிய கூட்டத்திலிருந்து ஒரு குழு பிறந்தது. முன்னாள் நகர மேயர் ஆப்ராம் ஹெவிட் தலைவர். விவசாயிகளுக்கு ஊர் ஊராக வகுப்பு நடத்திவந்த ஜார்ஜ் பவல் ஓர் உறுப்பினர். அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக் இன்னொருவர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் பேராசிரியருடைய மனைவி அவர். பூச்சிகளை மரக்கட்டையில் செதுக்கி அச்சுக்குத் தருவதில் பெயர் வாங்கியவர். பவல் குழுவிடம் சொன்னது இதுதான்: விவசாயம் பிழைக்க வேண்டுமென்றால் குழந்தைகளிடமிருந்து தொடங்க வேண்டும், அதற்கு முதல் படி இயற்கையைப் பார்க்கச் சொல்லித்தருவது, அதாவது இயற்கைக் கல்வி. வெறும் யோசனையாக அவர் இதைச் சொல்லவில்லை. வகுப்பெடுக்கப் போன ஊரிலெல்லாம் பள்ளிக்கும் போய்ச் செடியையும் மண்ணையும் பற்றிப் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வருவது அவர் வழக்கம்.

வெஸ்ட்செஸ்டர் மாவட்டப் பள்ளிகளில் ஓராண்டு சோதித்துப் பார்த்தார்கள். குழுவுக்கு நம்பிக்கை வந்தது. இது தனியார் கொடையில் ஓடக் கூடிய வேலை இல்லை, அரசாங்கம்தான் எடுத்து நடத்த வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மாநிலச் சட்டமன்றம் 8,000 டாலர் ஒதுக்கிக் கார்னெல் விவசாயக் கல்லூரியிடம் கொடுத்தது. ஓராண்டுக்குப் பிறகு பொறுப்பு தோட்டக்கலைப் பேராசிரியர் லிபர்ட்டி ஹைட் பெய்லியிடம் வந்தது. சுற்றுச்சூழல் கல்வி என்ற பெயரே இல்லாத காலம் அது. செடியையும் தோட்டத்தையும் வைத்து ஒரு மாநிலத்து ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்த முன்னோடி முயற்சிகளில் இதுவும் ஒன்று. நூறாண்டு தாண்டியும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது என்று நம்புகிறேன்.

யாருக்குப் பயிற்சி?

கல்லூரியில் விஞ்ஞானிகள் இருந்தார்கள், கையில் பணமும் இருந்தது. கிராமத்தில் இருந்தது ஓரறைப் பள்ளி. ஒரே அறைக்குள் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். நடத்துபவர் பெரும்பாலும் ஓர் இளம்பெண். எழுத்து, வாசிப்பு, கணக்கு, வரலாறு, புவியியல் எல்லாம் அவர் ஒருவரே சொல்லித்தர வேண்டும். அறிவியல் அவர் முறையாகப் படித்ததில்லை. இப்போது அரசாங்கம் இன்னொரு பாடத்தையும் அவர் தலையில் வைக்கிறது.

இந்த இடத்தில்தான் பயிற்சித் திட்டங்கள் வழக்கமாகச் சறுக்கும். அறிவியல் தெரியாதவருக்கு அறிவியலைச் சுருக்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். செடியின் பாகங்கள், அவற்றின் பெயர்கள், வகைப்பாடு என்று ஒரு கையேடு தயாராகும். ஆசிரியர் அதை அப்படியே கரும்பலகையில் எழுதிப்போடுவார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கார்னெல் அந்தக் குழியில் விழாமல் போனதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் ஒரு பழத்தோட்டக்காரர். ஷட்டாக்வா மாவட்டத்தில் பழச் சாகுபடி செய்துவந்த ஜான் ஸ்பென்சர் 1896இல் இந்த வேலையில் சேர்ந்தார். கிராமத்திலேயே வாழ்ந்தவர், கிராமத்தின் தேவை அவருக்குத் தெரியும். முதலில் கைகொடுக்க வேண்டியது ஆசிரியருக்கு, அதுவும் எளிய நடையில் எழுதிய சிறு வெளியீடுகள் வழியாக என்று முதலில் தெளிவாகக் கண்டவர் அவர்தான் என்று காம்ஸ்டாக் பின்னாளில் எழுதினார்.

முதல் பாடம்: ஒரு பரங்கி விதை

1896 கடைசியில் ஆசிரியர்களுக்கான முதல் வெளியீடு வந்தது. எழுதியவர் பெய்லி. பரங்கிச் செடி விதையிலிருந்து எப்படி வெளியே வருகிறது என்பதுதான் அதன் பொருள், அது ஒன்று மட்டும்தான். ஒளிச்சேர்க்கை இல்லை, மகரந்தச் சேர்க்கை இல்லை, வகைப்பாடு இல்லை. உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஒரு தோட்டக்கலை அறிஞர், விதை முளைக்கும் சில நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு முழு வெளியீடு எழுதினார். இந்தப் பயிற்சித் திட்டத்தின் உயிர்நாடி அந்தத் தேர்வில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதனால் விதைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

பரங்கி விதை தட்டையானது, ஒரு முனை கூரானது. ஈரமண்ணில் படுக்கவைத்தால் கூர்முனையிலிருந்து வெள்ளை முளைவேர் எட்டிப்பார்க்கும். உடனே கீழ்நோக்கி வளையும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் பலரும் பார்த்திருக்க மாட்டோம். வேரும் தண்டும் சேருகிற இடத்தில், அடிப்பக்கமாக, ஒரு சிறு ஆப்பு புடைத்துக்கொண்டு வரும். விதையின் கீழ் ஓட்டு விளிம்பில் அது போய் மாட்டிக்கொள்ளும். மேலே தண்டு வளைந்து வில்லாகிறது. வளர வளர அந்த வில் மேல்நோக்கி இழுக்கிறது. கீழே ஆப்பு ஓட்டை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒரு கால் செருப்பின் பின்பக்கத்தை மறு காலால் மிதித்துக்கொண்டு காலை உருவுவது போல, இரண்டு விதையிலைகளும் ஓட்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஓடு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். வில் மண்ணைப் பிளந்து வெளியே வந்து நிமிரும். மஞ்சளாக இருந்த விதையிலைகள் விரிந்து பச்சையாகும்.

சில கன்றுகள் மட்டும் ஓட்டைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டே மேலே வரும். தோட்டம் போடுகிற எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். ஏன் அப்படி? ஆப்பு ஓட்டில் சரியாக மாட்டவில்லையா? விதை மேலாகவே கிடந்ததா? மேல்மண் காய்ந்து ஓடு இறுகிவிட்டதா? பத்து விதையைப் படுக்கவைத்து, பத்தைக் கூர்முனை மேலே பார்க்க, பத்தைக் கீழே பார்க்க நட்டால் என்ன ஆகும்? முளைவேரில் மையால் சம இடைவெளியில் கோடு போட்டுவைத்தால் மறுநாள் எந்தக் கோடுகள் விலகியிருக்கும்? வேர் நுனிக்கு அருகில்தான் நீளும், தண்டு வேறு மாதிரி நீளும் என்பதை இந்த மைக்கோடுகளே காட்டிவிடும். எந்தப் புத்தகமும் தேவையில்லை.

ஆசிரியரின் நிலையிலிருந்து இதைப் பாருங்கள். கைப்பிடி விதை, ஒரு பெட்டி மண். செலவு என்று ஒன்றுமில்லை. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே பெட்டியைப் பார்க்கலாம். சின்னப் பிள்ளை படம் வரையும், பெரிய பிள்ளை நீளத்தை அளக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஆசிரியரும் இதற்கு முன் அந்த ஆப்பைப் பார்த்ததில்லை. அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து குனிந்து பார்க்கிறார்.

அடுத்து வந்தவையும் இதே வகைதான். மெழுகுவர்த்தி எரிவது பற்றி ஒன்று வந்தது. நான்கு ஆப்பிள் குச்சிகளை வைத்துக்கொண்டு, தழும்பையும் வளையத்தையும் பார்த்தே எந்த ஆண்டு எவ்வளவு வளர்ந்தது, எங்கே காய்த்தது என்று படிக்கச் சொன்னது இன்னொன்று. நான்காவது குழந்தைகளின் தோட்டம் பற்றியது. இயற்கைக் கல்வி என்றால் என்ன என்று விளக்கும் வெளியீடு அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கையில் விதையைக் கொடுத்துவிட்டு, பிறகு கொள்கையைச் சொன்னார்கள். நம் பயிற்சி முகாம்களில் முதல் நாள் காலை முழுவதும் நோக்கங்களை விளக்குவதில் போய்விடுகிறது.

பயிற்சி முடிந்த பிறகு

நேரில் நடந்த பயிற்சிகளும் உண்டு. மாநிலம் நடத்திய ஆசிரியர் கூட்டங்களில் கார்னெல் ஆட்கள் பேசினார்கள். கோடைப் பள்ளிகள் நடந்தன. ஆனால் கோடையில் கற்றது பனிக்காலம் வரை தாங்காது. செப்டம்பரில் உற்சாகத்தோடு தொடங்குகிற ஆசிரியர் நவம்பரில் தனியாகத் திணறிக்கொண்டிருப்பார். பக்கத்துப் பள்ளி மைல் கணக்கில் தள்ளி இருக்கும். கேட்க ஆள் கிடையாது.

1899இல் மேரி ரோஜர்ஸ் மில்லர் இதற்கு ஒரு வழி செய்தார். ஆசிரியர்களுக்கென்று தபால் வழியாக ‘வீட்டு இயற்கைக் கல்விப் பாடம்’ தொடங்கினார். அந்தந்தப் பருவத்தில் கண்ணில் படும் செடி, பறவை, பூச்சி பற்றி வெளியீடு போகும், கேள்விகளோடு. 1903இல் மில்லர் வேறு வேலைக்குப் போனதும் காம்ஸ்டாக் இதை ஏற்றுக்கொண்டார். ஒரு நாள் முகாமில் வராத கேள்விகள் தபாலில் வரும். முளைக்கவில்லை, அழுகிவிட்டது, பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது, மேலதிகாரி கேட்கிறார் என்பதெல்லாம் வேலையில் இறங்கிய பிறகுதானே தெரியும்!

ஸ்பென்சர் பிள்ளைகளுக்கு நேரடியாக ஒரு வாசல் திறந்தார். இளம் இயற்கையாளர் சங்கங்களைப் பள்ளிதோறும் அமைக்கச் செய்தார். சந்தா காசு கிடையாது. தான் பார்த்ததை எழுதி ‘ஜான் மாமா’வுக்குக் கடிதம் போட வேண்டும், அதுதான் சந்தா. விடாமல் எழுதியவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு பொத்தான் சின்னம் கிடைத்தது. சில ஆண்டுகளில் 30,000 குழந்தைகள் இப்படிப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பில் இருந்தார்கள். பிறகு இளம் தோட்டக்காரர் அமைப்பு வந்தது. ஒரு கட்டத்தில் 25,000 பள்ளிப் பிள்ளைகள் தோட்டம் போட்டு ஸ்பென்சருக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கடிதம் என்ற இந்த உத்தி ஆசிரியருக்கும் பெரிய உதவி. கட்டுரை எழுதவைக்க அவர் எப்படியும் மல்லுக்கட்ட வேண்டும். இப்போது எழுத விஷயமும் இருக்கிறது, படிக்க உண்மையான ஒருவரும் இருக்கிறார். புதுப்பாடம் பழைய பாடத்தின் நேரத்தைத் தின்னவில்லை, அதற்குத் தோள் கொடுத்தது. நேரமே இல்லை என்று ஆசிரியர் சொல்லும்போது அது சாக்கு இல்லை, நிஜம். அந்த நிஜத்தை மதித்துத் திட்டம் போட்டவர்கள் இவர்கள்.

காம்ஸ்டாக்கின் கையேடு

தபால் பாடங்களிலிருந்து 1911இல் ஒரு பெரிய புத்தகம் உருவானது. காம்ஸ்டாக்கின் இயற்கைக் கல்விக் கையேடு. 900 பக்கத்துக்கும் மேல். இது நஷ்டத்தில்தான் முடியும் என்று அவர் கணவரே நினைத்தார். மாறாக, இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. இன்றும் அச்சில் இருக்கிறது.

அதில் ஒவ்வொரு பாடமும் இரண்டு பகுதி. முதலில் ஆசிரியருக்கான கதை: அந்தச் செடியோ பூச்சியோ எப்படி வாழ்கிறது என்று. அடுத்து பிள்ளைகளுக்கான பகுதி: அது முழுக்க முழுக்கக் கேள்விகள். பாடம் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் முடிய வேண்டும், இழுக்கக் கூடாது என்கிறார். பிள்ளையின் குறிப்பேடு அதன் சொந்தச் சொத்து. எழுத்துப்பிழை திருத்துகிற இடமாக அதை ஆக்கிவிடாதீர்கள் என்கிறார். தேர்வு நெருக்கத்தில் இதையும் ஒரு சுமையாக்கினால் இருக்கிற ஆர்வமும் செத்துவிடும் என்பது அவர் கவலை.

புத்தகத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு பகுதியை ஒவ்வோர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் படிக்கவைக்கலாம். எப்போது, ஏன் ஆசிரியர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வேண்டும் என்பது பற்றியது அது. பெரிய விஞ்ஞானிகள் தயங்காமல் சொல்கிற வார்த்தை அது. பள்ளி ஆசிரியருக்கு மட்டும் ஏன் அவ்வளவு பயம் என்று கேட்கிறார். தெரியாது என்று ஒப்புக்கொண்டு, வாருங்கள் சேர்ந்து பார்ப்போம் என்று சொன்னால், பிள்ளைகளும் ஆசிரியரும் கூட்டாளிகளாகிவிடுவார்கள் என்பது அவர் வாதம்.

ஆசிரியர்கள் தோட்டத்துக்குள் இறங்கத் தயங்குவதற்கு முதல் காரணம் நேரமோ இடமோ இல்லை, இந்தப் பயம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வகுப்பறைக்குள் விடை ஆசிரியர் கையில். வெளியே போனால் ஒரு பிள்ளை ஒரு புழுவைக் காட்டி இது என்ன என்று கேட்கும். நாற்பது பேர் முன்னால் விழிக்க வேண்டும். கார்னெல்காரர்கள் அந்தப் பயத்தை அடையாளம் கண்டு, அதற்கு நேராக எழுதினார்கள்.

பரங்கி விதையையே எடுத்துக்கொள்வோம். ஆப்பு ஏன் எப்போதும் அடிப்பக்கத்திலேயே வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், 1896இல் எந்த ஆசிரியர் முழுப் பதில் சொல்லியிருக்க முடியும்? 1998இல் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளரி விதையை முளைக்கவைத்துப் பார்த்தார்கள். எடையற்ற நிலையில் ஆப்பு இரண்டு பக்கமும் வந்தது. செடி இரண்டு பக்கமும் ஆப்பு விடக் கூடியதுதான். பூமியில் ஈர்ப்பு விசை மேல்பக்கத்து ஆப்பை வரவிடாமல் தடுக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஓரறைப் பள்ளியில் எழுந்திருக்கக் கூடிய கேள்விக்கு நூறாண்டு கழித்து விண்வெளியில் பதில் கிடைத்தது. தெரியாது என்று சொன்ன ஆசிரியர் தாழ்ந்துபோகவில்லை.

தோட்டம் போட்டால் போதுமா?

காம்ஸ்டாக் இன்னொன்றையும் கறாராகச் சொல்லிவைத்தார். தோட்டம் போடுவதுதான் இயற்கைக் கல்வி என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். தோட்டம் அதற்கு அடித்தளமாகலாம், ஆனால் நடைமுறையில் அப்படி ஆவது அபூர்வம் என்று எழுதினார். பிள்ளைகளின் தோட்டங்களில்கூடச் செடியின் பெயர், பயன், வளர்க்கும் முறை ஆகியவற்றோடு விஷயம் நின்றுவிடுகிறது. அந்தச் செடிக்கும் மண்ணுக்கும், பூச்சிக்கும் என்ன உறவு என்பது தொடப்படுவதே இல்லை.

ஸ்பென்சர் 25,000 பிள்ளைகளைத் தோட்டத்தில் இறக்கிக்கொண்டிருந்த அதே இயக்கத்துக்குள்ளிருந்து இந்தக் குரல் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளித் தோட்டத்தை அளப்பது சுலபம்: எத்தனை பாத்தி, எத்தனை கன்று, எத்தனை கிலோ. புகைப்படத்துக்கும் நன்றாக வரும். பிள்ளை என்ன பார்த்தது என்பதை அளப்பது கஷ்டம். கத்தரி இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடித்துவிட்டுப் போகிற தோட்டம் ஒன்று. தின்றது யார், அதைத் தின்பது யார் என்று ஒரு வாரம் காத்திருந்து பார்க்கிற தோட்டம் இன்னொன்று. இரண்டிலும் காய் காய்க்கலாம். ஆனால் இரண்டாவதை நடத்துவதற்குத்தான் ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். முதலாவதற்கு ஒரு தோட்டக்காரர் போதும்.

இதே காலத்தில் தெற்கே அலபாமாவின் டஸ்கீகியில் விவசாய விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரும் இதே பாதையில் நடந்தார். கறுப்பினக் கிராமப் பள்ளிகளின் ஏழ்மையை நன்றாக அறிந்த அவர், கிராமப் பள்ளிகளுக்கான இயற்கைப் படிப்பும் தோட்ட வேலையும் பற்றி 1910இல் ஒரு வெளியீடு எழுதினார். இரண்டையும் தலைப்பிலேயே சேர்த்துவைத்தார். அடிமைத்தனத்திலிருந்து மீண்டு ஒரு தலைமுறையே ஆன அந்த மக்களுக்குத் தோட்டம் என்றால் முதலில் உணவு. காம்ஸ்டாக் பிரித்துப் பேச முடிந்ததை அங்கே பிரிக்க முடியாது. பள்ளி எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இந்த விவாதத்தை நடத்த வேண்டும்.

என்ன சாதித்தது, எங்கே நின்றது

தொடங்கிய நோக்கத்தை வைத்துப் பார்த்தால் இந்த முயற்சி வெல்லவில்லை. கிராமத்தை விட்டுப் போவது நிற்கவில்லை. 1920 கணக்கெடுப்பில் முதல்முறையாக அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் நகரவாசிகள் ஆகிவிட்டார்கள். விளைபொருள் விலையையும் நகரத்துக் கூலியையும் பரங்கி விதை மாற்றிவிடாது. பள்ளிக்கூடத்தின் தோளில் பொருளாதாரத்தைத் தூக்கிவைத்ததே தவறு.

எதிர்ப்பும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1899இலேயே இயற்கைக் கல்வியில் உணர்ச்சிவசம் அதிகம், அறிவியல் குறைவு என்று தாக்கினார். ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாத விமர்சனம் அது. வழிகாட்டுதல் கிடைக்காத வகுப்புகளில் பூவும் பட்டாம்பூச்சியும் பற்றிக் கவிதை வாசிப்பதோடு பாடம் முடிந்துபோவது நடக்கக் கூடியதுதான். 1927இல் கல்வியாளர் ஜெரால்ட் கிரெய்க் தொடக்கப் பள்ளிக்கு முறையான அறிவியல் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தார். அதன் பிறகு இயற்கைக் கல்வி மெல்ல மெல்ல ‘அறிவியல்’ பாடத்துக்குள் கரைந்தது. வரிசையும் தலைப்புகளும் ஒழுங்காயின. பருவத்துக்குப் பருவம் வெளியே என்ன நடக்கிறதோ அதைப் பாடமாக்கும் சுதந்திரம் ஆசிரியரிடமிருந்து போனது. இந்த இழப்பு எனக்கு வருத்தம் தருகிறது.

பல்கலைக்கழகமும் இந்த வேலையைச் செய்தவர்களை ஒழுங்காக மதிக்கவில்லை. 1899இல் காம்ஸ்டாக்குக்கு உதவிப் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள். ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டமா என்று அறங்காவலர்கள் எதிர்த்ததும் விரிவுரையாளராக இறக்கினார்கள். மறுபடி அந்தப் பதவி வர 1913 ஆனது; முழுப் பேராசிரியர் ஆனபோது 1920. அப்போது அவருக்கு வயது 66.

இன்றைக்கு அவர் கையேட்டை இணையத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெற்றோர்கள் இன்னும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்தப் புத்தகம் தனியாகப் பிறந்ததல்ல. அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்காக ஆசிரியர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து இருந்தது. அதற்குப் பின்னால் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கிய ஒரு சட்டமன்றமும், பிள்ளைகளின் கடிதங்களைப் படிக்கச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த ஆட்களும் இருந்தார்கள். பள்ளித் தோட்டத்துக்கு நிதி கேட்கும் திட்ட அறிக்கைகளில் விதை, மண்வெட்டி, வேலி எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். ஆசிரியர் ஜனவரியில் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதப்போகும் ஆளின் சம்பளத்தையும் அதில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். கார்னெல் சேர்த்திருந்தது.